பரலோகம் அடக்க ஆராதனைக்கு மட்டும்தானா?



நமது சபைகளில் பரலோகத்தைக் குறித்து எப்போது பேசுகிறோம்? சவப்பெட்டி ஆலயத்தில் வைக்கப்படும்போது பேசுகிறோம். கல்லறைத் தோட்டத்தில் மண் இடும்போது பேசுகிறோம். மற்ற நாட்களில் வேலை, வீடு, விசா, சரீர சுகம் ஆகியவையே நமது ஜெபக் குறிப்புகள். புத்தாண்டு ஆராதனையில் எடுக்கும் வாக்குத்தத்த அட்டையில் நித்திய ஜீவனைக் குறித்த வசனம் வந்தால், இவ்வாண்டு மரணம் நேரிடுமோ என்று முகம் வாடுகிறவர்களும் உண்டு. கிறிஸ்தவனின் மகிமையான நம்பிக்கை நமக்குத் துர்க்குறியாகிவிட்டது!

இது உபதேசக் குறைவால் வந்ததல்ல. விசுவாசப் பிரமாணத்தின் முடிவில் நித்திய ஜீவனை அறிக்கையிடுகிறோம். அறிக்கையிட்டதை அமர்ந்து சிந்திப்பதுதான் இல்லை. 'மௌன ஜெபம்' என்று அறிவித்துவிட்டு, அந்த ஒரு நிமிடத்தையும் கீபோர்டு ஓசையால் நிரப்புகிறோம். கூட்டங்களுக்கு நேரம் உண்டு, குழுக்களுக்கு நேரம் உண்டு, தியானத்திற்கு இல்லை. இதற்கு மேய்ப்பர்களும் கணக்கு ஒப்புவிக்க வேண்டும்.

"பரலோகத்தையே நினைப்பவரால் பூமிக்குப் பயனில்லை" என்பார் உண்டு. கேட்பதற்கு ஞானமாகத் தோன்றும் இக்கூற்று வேதத்திற்கு முரணானது. மேலானவைகளை நாடும்படி கட்டளையிடும் கொலோசெயர் 3ஆம் அதிகாரத்தை முடிவுவரை வாசியுங்கள். பொய்யையும் பொருளாசையையும் களையச் சொல்கிறது. கணவன் மனைவியிடமும், பெற்றோர் பிள்ளைகளிடமும், ஊழியர் எஜமானிடமும் நடந்துகொள்ளும் முறையைக் கற்பிக்கிறது. மேலே நோக்கிய கண்களே கீழேயுள்ள கடமையைத் தெளிவாகக் காண்கின்றன.

சரித்திரமும் இதற்குச் சாட்சி. இங்கிலாந்தின் உள்நாட்டுப் போரில் படைக் குருவாயிருந்த ரிச்சர்ட் பாக்ஸ்டர், 1647இல் நோயுற்று, மரணத்தை எதிர்நோக்கிக் கிடந்தார். அப்போது தம் ஆத்துமாவைத் தேற்றவே, பரிசுத்தவான்களின் நித்திய இளைப்பாறுதலைக் குறித்து எழுதத் தொடங்கினார். அந்நூல் 1650இல் வெளியாயிற்று. பிழைத்தெழுந்த அவர் சோம்பியிருந்தாரா? நெசவாளர் நிறைந்த கிட்டர்மின்ஸ்டர் ஊரில் ஏறக்குறைய 800 குடும்பங்களை ஒவ்வொன்றாகச் சந்தித்து ஞானோபதேசம் கற்பித்தார். எழுபதை நெருங்கிய வயதில், 1685இல், தம் எழுத்தினிமித்தம் சிறைசென்றார். பரலோக தியானம் அவருடைய கைகளைக் கட்டவில்லை; அச்சத்தின் கட்டையே அவிழ்த்தது.

அவர் கற்பித்த முறை எளியது. நேரத்தையும் இடத்தையும் முன்னரே குறித்துக்கொள்ள வேண்டும். தேவனுடைய வாக்குத்தத்தம் ஒன்றை மனதில் நிறுத்தி, அதன் பொருளைச் சிந்திக்க வேண்டும். பின்பு, சங்கீதக்காரன் 42ஆம் சங்கீதத்தில் செய்ததுபோல, தன் ஆத்துமாவோடு தானே பேச வேண்டும். அந்தப் பேச்சு தேவனை நோக்கிய ஜெபமாக மாற வேண்டும். இதில் அவசரத்திற்கு இடமில்லை. கிழங்கு வேகும் நேரமாவது வேண்டாமா?

ஈசாக்கு தியானிக்க மாலை வேளையில் வெளிக்குச் சென்றான் (ஆதியாகமம் 24:63). நமக்கு வயல்வெளி இல்லாவிட்டால் மொட்டைமாடி போதும். கைபேசியைக் கீழே வைத்துவிட்டு, அரைமணி நேரம் அமருங்கள். வெளிப்படுத்தின விசேஷம் 21ஆம் அதிகாரத்தின் முதல் ஐந்து வசனங்களை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். கண்ணீரைத் துடைப்பவர் தேவதூதர் அல்ல, தேவனே என்பதை உங்கள் சொந்தக் கண்ணீரோடு சேர்த்துச் சிந்தியுங்கள்.

மரணப் படுக்கையில் முதன்முறையாகப் பரலோகத்தை நினைக்க முயல்பவருக்கு வலியும் மருந்து மயக்கமும் இடங்கொடுப்பதில்லை. ஆரோக்கிய நாட்களில் உள்ளத்தில் பதித்த நம்பிக்கையே அவ்வேளையில் துணைநிற்கும். ஆகவே இந்த வாரம், வெளிச்சம் இருக்கும்போதே, பிதாவின் வீட்டை நினைக்க நேரம் ஒதுக்குங்கள். நமக்கு ஸ்தலத்தை ஆயத்தம்பண்ணச் சென்ற கர்த்தர், அங்கே செல்லும் வாஞ்சையையும் நம்மில் உண்டாக்குவாராக. ஆமென்.