மகனை விட வயதான டயர்!

இங்கிலாந்தில் 2012 செப்டம்பரில் ஒரு கோர விபத்து. வைட் தீவில் நடந்த இசை விழா முடிந்து, இளைஞர்களை ஏற்றிக்கொண்டு லிவர்பூலுக்குத் திரும்பிக்கொண்டிருந்தது ஒரு பஸ். சர்ரே பகுதியில் ஹைண்ட்ஹெட் அருகே இரவில் முன்பக்க டயர் வெடித்தது. தறிகெட்டு ஓடிய பஸ் மரத்தில் மோதி நொறுங்கியது. பயணிகள் இருவரும் டிரைவரும் பலியானார்கள்.

விசாரணையில் வெளிவந்த தகவல் கேட்டவர்களைப் பதற வைத்தது. வெடித்த டயருக்கு வயது 19-க்கும் மேல்! பஸ்சை விட டயர் பழசு. பலியான பையன் ஒருவனுக்கு வயது 18. அவன் பிறக்கும் முன்பே அந்த டயர் தயாராகிவிட்டது!

சட்டத்தில் ஓட்டை

பஸ் முதலாளியைச் சட்டம் பிடித்திருக்குமே என்பீர்கள். டயருக்கு வயது வரம்பே அப்போது சட்டத்தில் கிடையாது. பட்டன் தேயாமல் இருந்தால் போதும், 30 வருட டயரையும் மாட்டிக்கொண்டு ஓட்டலாம்!

ரப்பருக்கும் முதுமை உண்டு. வெயிலும் காற்றும் பட்டு இறுகிப்போகும், உள்ளே விரிசல் விடும். மேலே பார்த்தால் புதுசு மாதிரி இருக்கும். ஓடாமல் ஸ்டெப்னியாகக் கிடந்த டயருக்கும் இதே கதிதான்.

தாயின் போராட்டம்

பையனைப் பறிகொடுத்த தாய் சும்மா இருக்கவில்லை. 10 வருடம் தாண்டிய டயர் பஸ்சில் கூடாது என்று சட்டம் போடுங்கள் எனக் கேட்டு இயக்கம் நடத்தினார். பஸ் கம்பெனிகளுக்கு அறிவுரை வந்தது. பார்லிமெண்டில் மசோதா வந்தது, சட்டமாகவில்லை. அவரும் விடவில்லை.

கடைசியில் 2021 பிப்ரவரி 1-ந் தேதி தடை அமலுக்கு வந்தது. இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ் மூன்றிலும் பஸ், லாரிகளின் முன் சக்கரங்களில் 10 வருடம் தாண்டிய டயர் மாட்டினால் குற்றம். மினி பஸ்சில் ஒற்றைச் சக்கரம் எல்லாவற்றுக்கும் இதே தடை. டயரில் தயாரிப்புத் தேதி தெளிவாகத் தெரிய வேண்டும்.

ஒரு வரிச் சட்டத்துக்கு 8 வருடம்! அறிவுரை சொன்னால் நல்ல முதலாளி கேட்பார். கேட்காதவருக்காகத்தானே சட்டம்? அதைப் பெற்றவள் வந்து கெஞ்சித்தான் வாங்க வேண்டுமா?

அப்படியும் வேலை பாதிதான் முடிந்திருக்கிறது. லாரியின் பின்பக்க இரட்டைச் சக்கரத்துக்கும் கார்களுக்கும் அந்தத் தடை இல்லை. பழைய ரப்பர் காருக்கு ஒரு நியாயம், பஸ்சுக்கு ஒரு நியாயம் என்று பார்த்தா வெடிக்கிறது? அதையும் சட்டத்தில் சேர்க்க வேண்டும்.

டயர் வாங்குகிறவர்கள் பக்கவாட்டில் உள்ள நாலு எண்களைப் பாருங்கள். 3518 என்றால் 2018-ம் ஆண்டின் 35-வது வாரத்தில் தயாரானது என்று அர்த்தம். விலை பேசும் முன்பு வயதைக் கேளுங்கள்!