ஒரத்துப்பாளையத்தின் கணக்கு

முதலில் தொழில் வளரட்டும், ஆற்றைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்ற பேச்சு இன்றும் மேடைகளில் ஒலிக்கிறது. அப்படிப் பேசுகிறவர்கள் சென்னிமலைப் பக்கம் ஒரத்துப்பாளையம் அணைவரை ஒருமுறை போய்வர வேண்டும்.

1990களின் தொடக்கத்தில் பாசனத்துக்கென்று எழுந்த அணை அது. வெள்ளியங்கிரி மலையில் பிறந்து கோவை, திருப்பூர் வழியே வரும் நொய்யல் அங்கே கொண்டுவந்து நிறைத்தது சாயக்கழிவை. சில ஆண்டுகளிலேயே, இந்த அணையில் தண்ணீர் தேக்காதீர்கள் என்று ஆயக்கட்டு விவசாயிகளே போராடினார்கள், நீதிமன்றப் படியேறினார்கள். அணைக்காகக் காத்திருந்தவர்களுக்கு இப்படியொரு நிலை வந்ததை நினைத்தால் இன்றும் நெஞ்சு கொதிக்கிறது.

பருத்தியில் சாயம் ஏற உப்பு வேண்டும். நிறத்தில் பெரும்பகுதி துணியோடு போய்விடும். உப்பு தண்ணீரிலேயே தங்கிவிடும். பழைய பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் அந்த உப்பைப் பிரிக்கவில்லை. அது மண்ணில் இறங்கிக் கிணறுகளைக் கெடுத்தது.

பனியன் கம்பெனிகள் எத்தனையோ குடும்பங்களைக் கரையேற்றியிருக்கின்றன. மழை பொய்த்த ஊர்களிலிருந்து வந்தவர்களுக்குத் திருப்பூர் சோறு போட்டது. அந்தச் சோற்றுக்கான செலவில் ஒரு பங்கை, கேட்காமலே, ஆற்றின் கீழ்ப்பகுதி விவசாயியின் தலையில் கட்டியதுதான் அநியாயம்.

2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டபோது, ஊரே அழிந்துவிடும் என்றார்கள். பல மாதம் வேலையின்றித் தவித்த தொழிலாளர்களின் துயரம் உண்மை. ஆனால் ஊர் அழியவில்லை. கழிவுநீரைச் சவ்வில் வடிகட்டி, எஞ்சியதைக் கொதிக்கவைத்து, தண்ணீரையும் உப்பையும் மீட்டுத் திரும்பப் பயன்படுத்தப் பட்டறைகள் கற்றுக்கொண்டன. திருப்பூரின் ஆண்டு ஏற்றுமதி பின்னர் 30,000 கோடி ரூபாயைத் தாண்டியது. முன்பே செய்திருக்கக்கூடிய காரியம். நிலங்கள் பாழான பிறகு நடந்தது.

இன்னும் முடியவில்லை. மீட்க முடியாத கலப்பு உப்பு மூட்டைமூட்டையாகக் குவிகிறது. விதியை மதிக்காத சாய வேலை காவிரிக் கரையில் பள்ளிபாளையம், குமாரபாளையம் பக்கம் நடந்துகொண்டுதான் இருக்கிறது. சுத்திகரிப்புச் செலவைப் பட்டறைக்காரர் சுமக்க, துணி வாங்கும் வெளிநாட்டு நிறுவனங்கள் விலையைக் குறைக்கச் சொல்லியே பேரம் பேசுகின்றன. ஒவ்வொரு ஆர்டரின் விலையிலும் அந்தச் செலவு தனி இனமாக ஏற வேண்டும். திருப்பூருக்கு உள்ள கண்டிப்பு ஈரோட்டுக்கும் நாமக்கல்லுக்கும் அப்படியே வேண்டும். இவ்விரண்டையும் அரசிடமும் ஏற்றுமதியாளர்களிடமும் கேட்கிறோம்.