ஊசிமுனையில் பத்தாண்டு மவுனம்



மணிப்பூர் நமக்குத் தூரத்து மாநிலம்தான். ஆனால் மியான்மர் எல்லையிலுள்ள மோரே நம்மவர்களுக்கு அந்நிய ஊரல்ல. 1960களில் பர்மாவை விட்டு வெளியேறிய தமிழர்கள் பலர் அங்கே கடை போட்டுக் குடியேறினார்கள். அதே எல்லை வழியாகத்தான் ஹெராயினும் வந்தது. 'நம்பர் 4' என்று அங்கே அழைக்கப்படும் அந்தத் தூளைக் கரைத்து இளைஞர்கள் நரம்பில் ஏற்றினார்கள். ஊசி ஒன்று, கைகள் பல.

விளைவு? 1989 செப்டம்பர் வரை அங்கு ஊசி வழியே போதை ஏற்றுவோரிடம் எச்.ஐ.வி. கண்டறியப்படவில்லை. அடுத்த ஆறே மாதங்களில் பரிசோதிக்கப்பட்டவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேரிடம் அந்தக் கிருமி இருந்தது!

ஏன் இத்தனை வேகம்? உடலில் நுழைந்த முதல் சில வாரங்களில்தான் இக்கிருமி இரத்தத்தில் மிக அதிகமாகப் பெருகுகிறது. அப்போது வருவதோ வெறும் காய்ச்சல், தொண்டை வலி. சிலருக்கு அதுவும் இல்லை. பரிசோதித்தாலும் தெரியாமல் போகலாம். அந்த நாட்களில் ஊசியை வாங்கிக் குத்திக்கொள்ளும் நண்பன் எதை வாங்கினான் என்பதை அறிவானா?

அதன் பிறகு நீண்ட மவுனம். மருந்து இல்லாவிட்டால் சராசரியாக எட்டு முதல் பத்து ஆண்டுகள். ஆள் நன்றாகத்தான் இருப்பான். உள்ளே சிடி4 என்னும் காவல் அணுக்கள் குறைந்துகொண்டே வரும். ஆரோக்கியமானவரிடம் ஒரு கன மில்லிமீட்டர் இரத்தத்தில் 500க்கு மேல் இருக்கும் இவை, 200க்குக் கீழே இறங்கினால் அதுவே எய்ட்ஸ்.

ஊசி போடுவோரில் பலர் அந்தக் கட்டம் வரை கூடப் போவதில்லை. நிமோனியா, இரத்தத்தில் நச்சு, இதய வால்வில் தொற்று, அளவு மீறிய போதை என்று இடையிலேயே உயிர் போகிறது. அதே ஊசியில் வரும் ஹெபடைடிஸ் சி கல்லீரலை அரிக்கிறது. காசநோய் எந்தக் கட்டத்திலும் தாக்கும். வீட்டாரோ 'காமாலையில் போய்விட்டான்' என்று சொல்லி அடக்கம் செய்துவிடுகிறார்கள்.

போதையாளனிடம் நோய் வேகமாக முற்றும், மருந்து கொடுத்து என்ன பயன் என்கிறார்கள் சிலர். தவறு! கிருமி ஆள் பார்த்து ஓடுவதில்லை. வெட்கமும் பயமும் விரட்டலும்தான் அவனை மருந்துக்குத் தாமதமாக அனுப்புகின்றன. 1996இல் கூட்டு மருந்துச் சிகிச்சை வந்தபின் கதையே மாறிவிட்டது. 2004 ஏப்ரல் முதல் நம் நாட்டில் இம்மருந்து இலவசம். சிடி4 எண்ணிக்கை எதுவானாலும் உடனே மருந்து என்பது 2017 முதல் நடைமுறை. தவறாமல் உட்கொண்டால் நீண்ட ஆயுள் உண்டு.

'சுத்தமான ஊசி கொடுப்பது போதைக்குத் துணை போவதாகாதா?' என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. ஈரானின் நீதித்துறைத் தலைமை 2005இல் ஊசி வழங்கலையும் மெதடோன் சிகிச்சையையும் ஆதரித்து உத்தரவிட்டது. மலேசியாவில் 2010இல் கோலாலம்பூர்ப் பள்ளிவாசல் ஒன்றிலேயே மெதடோன் கொடுக்கத் தொடங்கினார்கள். போதை ஹராம் என்பதில் அவர்களுக்கு ஐயமில்லை. உயிரோடு இருப்பவன்தானே திருந்த முடியும்?

வணிகப் பெருமக்களே! கடைப் பையன் ஒருவனுக்கு இந்நோய் என்று தெரிந்தால் கணக்கு முடித்து அனுப்பிவிடாதீர்கள். எச்.ஐ.வி.யைக் காரணம் காட்டி வேலையை விட்டு நீக்குவதை 2017ஆம் ஆண்டுச் சட்டமே தடுக்கிறது. கல்லாவில் அவனோடு அமர்வதாலோ ஒரே சஹனில் உண்பதாலோ இது தொற்றாது.

இளைஞர்களே! முதல் ஊசியைத் தொடாதீர்கள். தொட்டுவிட்டவன் உங்கள் நண்பன் என்றால், அரசு மருத்துவமனைப் பரிசோதனை மையத்திற்குக் கைபிடித்து அழைத்துச் செல்லுங்கள். அங்கே சோதனை இலவசம், பெயர் வெளியே வராது.

அந்தப் பத்தாண்டு மவுனம் கிருமிக்கு மட்டும் கிடைத்த அவகாசமல்ல. நமக்கும் கிடைத்த அவகாசம். அதை வீணடித்துவிட்டு மையவாடியில் நின்று கண்ணீர் வடிப்பதில் என்ன பயன்?