மௌனத்திற்கும் பொருள் உண்டு

கைப்பேசிச் செயலிகள் பெருகிவிட்ட இந்நாளிலும், பணப்பை தொலைந்த வேளையில் நமக்குக் கைகொடுப்பது பெரும்பாலும் ஒரு தொலைபேசி அழைப்பே. பையோடு கைப்பேசியும் போயிருந்தால் பிறருடைய கருவியிலிருந்து அழைக்க நேரும். அப்போது மறுமுனையில் பேசுவது பதிவு செய்யப்பட்ட குரல்: “தமிழுக்கு எண் இரண்டை அழுத்தவும்.” ஐவிஆர் எனப்படும் இந்தத் தானியங்கிச் சேவை, பதற்றத்தில் இருப்பவரை எவ்வாறு நடத்துகிறது என்பது வசதி பற்றிய கேள்வி மட்டுமன்று, பணத்தின் பாதுகாப்பு பற்றிய கேள்வியுமாகும் என்பது நம் கருத்து.

இத்தகைய சேவைகளை அமைப்பதற்கென வாய்ஸ் எக்ஸ்எம்எல் என்னும் பொதுத் தரம் ஒன்று உள்ளது. அதன் இரண்டாம் பதிப்பு 2004ஆம் ஆண்டில் ஏற்கப்பட்டது. அழைப்பவர் எதுவும் சொல்லாதிருத்தல், பொருந்தாத விடையைத் தருதல், உதவி கேட்டல், இணைப்பைத் துண்டித்தல் ஆகிய ஒவ்வொன்றையும் அது தனித்தனி நிகழ்வாகக் கொள்கிறது. ஒரே நிகழ்வு இரண்டாம், மூன்றாம் முறை நேரும்போது வெவ்வேறு மறுமொழி தரவும் அதில் வழியுண்டு. ஆயினும் நடைமுறையில் பல சேவைகள் அதே வாக்கியத்தை மும்முறை ஒப்பித்துவிட்டு, “நன்றி” கூறி இணைப்பைத் துண்டித்துவிடுகின்றன.

மௌனம் பிழையன்று. அழைப்பவர் கணக்கு எண்ணைத் தேடிக்கொண்டிருக்கலாம். மூக்குக்கண்ணாடியை எடுக்கச் சென்றிருக்கலாம். செவித்திறன் குறைந்தவராக இருக்கலாம். காதருகே வைத்த கைப்பேசியில் திரை அணைந்து எண்பலகை மறைந்தும் போயிருக்கலாம். இரண்டாம் முறை வாக்கியம் சுருங்க வேண்டும், காத்திருக்கும் நேரம் நீள வேண்டும். மூன்றாம் முறை அழைப்பு ஓர் அலுவலரிடம் செல்ல வேண்டும். இடையில் துண்டிக்கப்பட்ட அழைப்பையும் முடிந்த அழைப்பாகக் கருதலாகாது. அதே எண்ணிலிருந்து சில நிமிடங்களில் மீண்டும் அழைப்பவரிடம், அடையாளத்தைச் சரிபார்த்தபின், விட்ட இடத்திலிருந்து தொடரலாமா என்று கேட்பதே முறை.

அடுத்தது குறுக்குவழி. அறிவிப்பு முடியும் முன்பே எண்ணை அழுத்த இடமளிப்பதும், எந்த நிலையிலிருந்தும் ஒரே விசையில் முதற்பட்டியலுக்குத் திரும்ப விடுவதும் நல்ல வழக்கங்களே. ஆனால் இன்றியமையாத குறுக்குவழி ஒன்றே: அட்டையை முடக்குவது. அது முதல் அறிவிப்பிலேயே, வாழ்த்துக்கும் விளம்பரத்துக்கும் முன்பாக ஒலிக்க வேண்டும்; எந்தக் கிளையிலிருந்தும் எட்ட வேண்டும்.

இதற்குக் காரணம் நேரத்தின் விலை. அங்கீகாரமற்ற மின்னணுப் பரிவர்த்தனைகள் குறித்து 2017 ஜூலை 6 அன்று ரிசர்வ் வங்கி வெளியிட்ட சுற்றறிக்கை, புகார் தெரிவிக்க நாள் முழுவதும் இயங்கும் வழிகள் தேவை என்றது. அவற்றுள் ஐவிஆரையும் குறிப்பிட்டது. வாடிக்கையாளரின் கவனக்குறைவால் இழப்பு நேர்ந்தால், அவர் தெரிவிக்கும் வரையிலான இழப்பு அவரைச் சாரும். தெரிவித்த பின் நேர்வது வங்கியைச் சாரும் என்றும் அது வகுத்தது. ஆகவே பட்டியலில் வீணாகும் ஒவ்வொரு நிமிடமும் ஒருவருடைய பணத்தில் கழியக்கூடும்.

“இத்தனை எளிதாக்கினால் வேறொருவர் நம் அட்டையை முடக்கிவிட மாட்டாரா?” என்று சிலர் கேட்கலாம். நியாயமான ஐயமே. முதற்கட்டத்தில் தற்காலிக முடக்கம் மட்டும் செய்து, அதை நீக்குவதற்குக் கடுமையான சரிபார்ப்பை வைத்தால், தவறான முடக்கத்தால் விளைவது தொல்லை மட்டுமே. தாமதத்தால் விளைவதோ இழப்பு.

பணம் செலுத்துவதில் நிலைமை தலைகீழ். இணைய வசதியற்ற சாதாரணக் கைப்பேசிகளுக்காக 2022 மார்ச் 8 அன்று தொடங்கப்பட்ட யுபிஐ 123பே திட்டத்தில், தொலைபேசி அழைப்பின் வழியாகவே பணம் அனுப்பலாம். அங்கே தொகையும் பெறுபவர் பெயரும் திரும்பக் கூறப்பட வேண்டும். மௌனம் ஒருபோதும் சம்மதமாகக் கொள்ளப்படலாகாது. ஐயம் எழுந்தால் முடக்கத்தில் செயல்பட வேண்டும். பணம் செலுத்துவதில் நின்றுவிட வேண்டும். எல்லா மௌனத்துக்கும் ஒரே மறுமொழி போதாது என்று நாம் வலியுறுத்துவது இதனால்தான்.

வாடிக்கையாளர் கடமையும் உண்டு. சேவை எண்ணை அட்டையின் பின்புறத்திலிருந்தோ வங்கியின் அதிகாரபூர்வ இணையதளத்திலிருந்தோ எடுத்து, ஒரு தாளில் எழுதி வீட்டில் வையுங்கள். இணையத் தேடலில் கிடைக்கும் எண்ணை நம்பாதீர்கள். ரகசிய எண்ணையும் ஒருமுறைக் கடவுச்சொல்லையும் எவரிடமும் சொல்லாதீர்கள். புகார் எண்ணையும் அழைத்த நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். மோசடியில் பணம் பறிபோயிருந்தால் 1930 என்ற தேசிய உதவி எண்ணையும் உடனே அழையுங்கள். தொலைபேசிச் சேவையில் எந்த இடத்தில் நீங்கள் தடுமாறினீர்கள் என்பதை உங்கள் கிளைக்கு எழுதுங்கள். பட்டியலைத் திருத்துவோருக்கு அதைவிடப் பயனுள்ள குறிப்பு வேறில்லை.