முதலில் பெட்டிகளை வரையுங்கள்

சாதாரண தரத்தில் பஸ்கால் மொழியில் அணியைக் கற்ற மாணவர் பலர், “சி” மொழிக்கு வந்ததும் “அணியும் சுட்டியும் ஒன்றே” என்று மனனம் செய்துகொள்கின்றனர். இந்த ஒருவரி விளக்கத்தால் நன்மையிலும் தீமையே அதிகம் என்பது எமது கருத்தாகும். இரண்டையும் தாளில் பெட்டிகளாக வரைந்து பார்த்த பின்னரே செய்நிரல் எழுதப் பழக வேண்டும்.

காரணம் பின்வருமாறு. பஸ்காலில் வழக்கமாகப் பயன்படுத்தும் சரத் தரவு வகையின் நீளத்தை மொழியே கவனித்துக்கொள்ளும். “சி” மொழியில் அவ்வாறான தரவு வகை இல்லை. எழுத்துகள் ஓர் அணியில் வரிசையாக வைக்கப்பட்டு, இறுதியில் பூச்சியப் பெறுமானமுள்ள ஒரு பைற்று இடப்படும். சரம் முடிந்ததற்கு அப்பூச்சியமே அடையாளம். கண்டி என்னும் ஊர்ப்பெயரை ஆங்கிலத்தில் எழுதினால் 5 எழுத்துகள். தேவையான பெட்டிகள் 6. தமிழில் யூ.ரி.எவ்-8 முறையில் எழுதினால் க, ண, புள்ளி, ட, இகரக் குறி ஆகிய ஐந்துக்கும் தலா 3 பைற்றாக 15 பைற்றுகள் செல்லும். பூச்சியத்துடன் 16 பெட்டிகள் வேண்டும். கண்ணுக்குத் தெரியும் 3 எழுத்துகளை மட்டும் எண்ணி அணியை அமைத்தால் இடம் போதாது.

அணி என்பது இப்பெட்டிகளின் தொகுதி. சுட்டி வேறொரு தனிப்பெட்டி. அதனுள் இருப்பது எழுத்தின் முகவரி மட்டுமே. அணியின் பெயர் பெரும்பாலான கோவைகளில் முதற் பெட்டியின் முகவரியாக மாறுவதால் இரண்டும் ஒன்றுபோலத் தோன்றுகின்றன. ஆனால் 6 எழுத்து அணியின் பருமன் 6 பைற்று. 64 பிற் கணினியில் சுட்டியின் பருமன் பொதுவாக 8 பைற்று. சுட்டியை அடுத்த பெட்டிக்கு நகர்த்தலாம், அணியை நகர்த்த முடியாது. இரு சுட்டிகள் சமமா என்று சோதித்தால் ஒப்பிடப்படுவன முகவரிகளே, சொற்கள் அல்ல.

பெட்டிகளை எண்ணாமல் விட்டால் இழப்பது பரீட்சைப் புள்ளி மட்டுமன்று. 1988 நவம்பரில் பரவிய மொரிஸ் புழு கணினிகளுள் நுழைந்த வழிகளில் ஒன்று, யுனிக்ஸ் சேவைச் செய்நிரல் ஒன்றிலிருந்த 512 பைற்று அணியை நிரம்பி வழியச் செய்வதாகும். உள்ளீட்டின் நீளத்தைப் பாராமல் வாசிக்கும் “கெற்ஸ்” என்னும் சார்பு அச்செய்நிரலில் பயன்படுத்தப்பட்டிருந்தது. 2011 ஆம் ஆண்டின் “சி” மொழி நியமத்தில் அச்சார்பு நீக்கப்பட்டது.

சுட்டி கடினமானது, உயர்தரத்தில் பார்த்துக்கொள்ளலாம் எனச் சிலர் கூறுவர். படமின்றிப் படிப்பதனாலேயே அது கடினமாகிறது. எனவே மாணவர்களே, சரம் பற்றிய வினாவைக் கண்டதும் பெட்டிகளை வரைந்து 0 இலிருந்து இலக்கமிடுங்கள். இறுதிப் பூச்சியத்தை எழுதுங்கள். சுட்டியைத் தனிப்பெட்டியாக வரைந்து, அது காட்டும் இடத்துக்கு அம்புக்குறி இடுங்கள். அதன் பின்னர் விடையை எழுதுங்கள்.