ஜோடியாம்... கேரண்டியாம்!

2025-ல் ஒரு ரீல்ஸைப் பார்த்துவிட்டு, கூமாப்பட்டியில் தீவு இருக்கிறது என்று வண்டி எடுத்துக்கொண்டு வந்தார்கள் பாருங்கள்... வந்தவர்கள் கண்டது வயலும் தென்னையும் பிளவக்கல் அணையும்தான். அவர்களை நினைத்து விழுந்து விழுந்து சிரித்தவர்கள் நாம். இப்போது நம்மில் சிலரே இன்னொரு ரீல்ஸை நீட்டி, "மச்சி, கிரீன் ட்ரீ பைத்தான்டா. கேப்டிவ் பிரெட். ஆணும் பெண்ணும் ஜோடி, கேரண்டி!" என்கிறார்கள்.

தீவை நம்பினால் பெட்ரோல் காசு போகும். இதை நம்பினால் ஒரு உயிர் போகும், கூடவே வழக்கும் வரும்.

முதலில் அது என்ன பாம்பு? நியூ கினி தீவிலும் சுற்றியுள்ள சிறு தீவுகளிலும் ஆஸ்திரேலியாவின் வடகோடியிலும் மரத்தில் வாழும் விஷமில்லாத மலைப்பாம்பு. குட்டி மஞ்சளாகவோ செங்கல் நிறத்திலோ பிறக்கும். வளர வளரத்தான் பச்சையாகும். கிளையில் சுருண்டு, நடுவில் தலையை வைத்துக்கொண்டு கிடக்கும். அழகுதான், மறுக்கவில்லை. அந்த அழகுதான் அதற்கு எமன்.

சரி, "ஜோடி கேரண்டி"க்கு வருவோம். நாய்க்குட்டியைத் தூக்கிப் பார்த்தால் ஆணா பெண்ணா என்று தெரிந்துவிடும். பாம்பில் அப்படி இல்லை. ஆண் பாம்பின் உறுப்புகள் இரண்டும் வால் அடிக்குள்ளே மடங்கிக் கிடக்கும். கண்டுபிடிக்க இரண்டு பழைய வழிகள் உண்டு. மெல்லிய கம்பியைக் கழிவுத் துவாரத்திலிருந்து வால் பக்கமாக நுழைத்து ஆழம் பார்ப்பது ஒன்று. ஆணில் ஆழமாகப் போகும், பெண்ணில் சீக்கிரம் நின்றுவிடும். வால் அடியைக் கட்டைவிரலால் அழுத்தி உறுப்பை வெளியே தள்ளிப் பார்ப்பது இன்னொன்று.

இந்த இனத்தின் குட்டிக்கு வால் நூல் மாதிரி இருக்கும். அழுத்தினால் வால் எலும்பு கோணிவிடும். அது கிளையைப் பற்றவும், வால் நுனியைப் புழு மாதிரி ஆட்டி இரையை வரவழைக்கவும் பயன்படும் வால். அதனால்தான் விவரம் தெரிந்த வளர்ப்பாளர்கள் குட்டி நன்றாக வளரும்வரை கை வைப்பதில்லை. "பாலினம் தெரியாது" என்று சொல்லியே விற்பார்கள். ஆக, மஞ்சள் குட்டி இரண்டைக் காட்டி ஆண், பெண் என்று ஒருவன் சத்தியம் செய்தால் ஒன்று அவன் புளுகுகிறான், இல்லை வாலை நசுக்கியிருக்கிறான். இரண்டில் எதற்கு நீங்கள் காசு கொடுக்கப் போகிறீர்கள்?

அடுத்தது "கேப்டிவ் பிரெட்". அதாவது காட்டில் பிடித்ததல்ல, கூண்டில் பிறந்தது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் ராஜபாளையத்தில் நாய்க்குட்டி வாங்கப் போனால் நாம் என்ன செய்கிறோம்? "தாய் நாயைக் காட்டுங்க" என்கிறோம். காட்டவில்லை என்றால் நடையைக் கட்டுகிறோம். ஒரு குட்டி நாய்க்கு உள்ள இந்த விசாரணை கடல் தாண்டி வந்த பாம்புக்கு ஏன் இல்லை?

இந்தோனேசியாவில் லயன்ஸ், நட்டுஷ் என்ற இரு ஆய்வாளர்கள் இந்த வியாபாரத்தையே பின்தொடர்ந்து 2011-ல் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். பண்ணையில் பிறந்தவை என்ற பெயரில் அங்கிருந்து ஏற்றுமதியான பச்சை மலைப்பாம்புகளில் குறைந்தது 80 சதவீதம் காட்டில் திருட்டுத்தனமாகப் பிடிக்கப்பட்டவை என்பது அவர்கள் கண்டது. கணக்கு எளிது. தாய்ப்பாம்பை வருடக்கணக்கில் வளர்த்து, முட்டையை ஐம்பது நாள் போல அடைகாத்து, குட்டியை ஒவ்வொன்றாகத் தீனிக்குப் பழக்க வேண்டும். அதைவிடக் கிராமத்து ஆளிடம் கொஞ்சம் காசு கொடுத்துக் காட்டிலிருந்து பிடித்துவரச் சொல்வது மலிவு. கறுப்புப் பணத்தை வெள்ளையாக்குவது மாதிரிதான், இங்கே பாம்பை வெள்ளையாக்குகிறார்கள். இதற்கு அவர்கள் சொன்ன தீர்வும் சுவாரசியமானது: ஏற்றுமதி செய்பவன் முட்டை ஓட்டைக் காட்டட்டும்! கிட்டத்தட்ட நம்ம "தாயைக் காட்டு" தான்.

இங்கே வரும் வழியும் தெரிந்ததே. 2022 ஆகஸ்டில் பாங்காக்கிலிருந்து சென்னைக்கு வந்த பயணியின் பெட்டியில் பாம்புகளோடு ஒரு குரங்கும் இரண்டு ஆமைகளும் இருந்தன. 2023 ஜூலையில் திருச்சியில் ஒரே பயணியின் பெட்டியில் 47 மலைப்பாம்புகள். இவை பிடிபட்டவை. பெட்டிக்குள் மூச்சுத் திணறிச் செத்தவற்றை எந்த ரீல்ஸிலும் காட்ட மாட்டார்கள்.

"2020-லயே டிக்ளேர் பண்ணினது, பேப்பர் இருக்கு" என்பார்கள். உண்மைதான், 2020 ஜூனில் மத்திய அரசு ஆறு மாத அவகாசம் கொடுத்தது. அதற்குள் தானாக அறிவித்தவர்களிடம் பூர்வீக ஆவணம் கேட்கவில்லை. ஆனால் அந்தத் தாள் சொல்வது "இது என்னிடம் இருக்கிறது" என்பதை மட்டுமே. எங்கே பிறந்தது என்று அது சொல்லாது. அந்தக் கதவும் மூடி வருடங்களாகிவிட்டன. 2022-ல் திருத்தப்பட்ட வன உயிரினச் சட்டமும் 2024-ல் வந்த விதிகளும் சைட்டிஸ் பட்டியலில் உள்ள உயிரினங்களை வைத்திருப்பதைப் பதிவு செய்யச் சொல்கின்றன. குட்டி பிறந்தாலும், கை மாறினாலும், செத்தாலும் தெரிவிக்க வேண்டும். மலைப்பாம்பு இனங்கள் அத்தனையும் அந்தப் பட்டியலில் அடக்கம்.

"வெளிநாட்டில் எல்லாரும் வளர்க்கிறானே?" வளர்க்கிறான். தலைமுறை தலைமுறையாக, எந்தத் தாய், எந்தத் தகப்பன், எந்தத் தேதியில் முட்டை என்று ஏட்டில் எழுதி வளர்ப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. அப்படி ஒருவர் இங்கே இருந்தால் பதிவு எண்ணையும், பெற்றோரையும், பிறந்த தேதியையும் கேட்டதும் காட்டுவார். கேட்டதும் நம்பரை பிளாக் செய்கிறவன் யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

"நான் ஒருத்தன் வாங்காவிட்டால் நின்றுவிடுமா?" நிற்காது. ஆனால் நீங்கள் வாங்கும் ஒவ்வொன்றும் அடுத்த பெட்டிக்கான முன்பணம். அதை மட்டும் மறுக்க முடியாது.

இன்னொன்று. நம் ஊருக்குப் பின்னால் நிற்கும் மலை 2021 முதல் ஸ்ரீவில்லிபுத்தூர் - மேகமலை புலிகள் காப்பகம். அங்கே நம்முடைய மலைப்பாம்பே இருக்கிறது. சட்டத்தின் முதல் அட்டவணையில் வைத்துக் காக்கப்படுகிறது. அதை ஒருவன் சாக்கில் கட்டி எங்கோ ஒரு நாட்டில் "கூண்டில் பிறந்தது" என்று விற்றால் நமக்கு ரத்தம் கொதிக்கும். நியூ கினிக்காரனுக்கும் ஊர் உண்டு, மலை உண்டு.