நோயுற்றார்க்கு நோயுற்றாரே துணை

மருந்து என்னும் அதிகாரத்தை முடிக்குமிடத்துத் திருவள்ளுவனார் மருத்துவத்தை நான்கு கூறாக வகுத்துரைக்கின்றார். நோயுற்றவன், நோயைத் தீர்ப்பவன், மருந்து, அருகிருந்து அம்மருந்தை ஊட்டுபவன் என்பன அவை. பள்ளியிற் பயின்றபோது யாமும் நான்கெனவே எழுதி மதிப்பெண் பெற்றோம். பின்னர் ஒரு கோடையில், நெல்லிக்குப்பத்திலிருந்து புதுச்சேரிக்கு நாள்தோறும் சென்று மீண்ட வழியில், ஐந்தாவதொரு கூறும் உண்டென்பதைக் கண்டோம். அவ்வைந்தாமவர் அதே நோயை நமக்கு முன்னரே உற்றவர். பொய்யாமொழியாரைத் திருத்தப் புகுந்தோமென எம் பேராசிரியர்கள் சினவாதிருப்பாராக. கண்டதையே கூறுகின்றோம்.

எமது ஊராகிய நெல்லிக்குப்பம், கடலூரினின்று பண்ணுருட்டி செல்லும் சாலையில், தென்பெண்ணைக்கும் கெடிலத்திற்கும் இடையே அமைந்தது. சர்க்கரை ஆலையால் நாடறிந்தது. இங்கே ஒரு வீட்டில் நடப்பது அடுத்த வீட்டார்க்கு உள்ளங்கை நெல்லிக்கனி. அத்தகைய ஊரில் எம் அத்தையார், தமக்கு மார்பில் தோன்றிய கட்டியை நான்கு திங்கள் வீட்டாரிடமும் சொல்லாது மறைத்தார். அறுவை முடிந்தபின்னர் அதன் பெயரை ஊராரிடம் மறைத்தவர்கள் யாங்களே. அண்டை வீட்டார்க்குக் கருப்பைக் கட்டியென்று சொன்னோம். ஆலயத்திலோ, "சுகவீனமாயிருக்கும் ஒரு சகோதரிக்காக" என்னும் அளவில் விண்ணப்பத்தை நிறுத்திக்கொண்டோம். அத்தையார்க்கு மணப்பருவத்தில் ஒரு மகள் இருந்தமையே காரணம். தாய்க்கு வந்தது மகட்கும் வருமென்று பெண் பார்க்க வருவோர் பின்வாங்குவர் என்பது ஓர் அச்சம். புற்றுநோய் தொற்றுநோயன்று என்பதை அறிந்திருந்தும், வீட்டில் தண்ணீர் வாங்கிக் குடிக்க அயலார் தயங்குவர் என்பது மற்றோர் அச்சம். இரண்டும் வெற்றச்சமென்று தள்ளிவிட எம்மால் இயலாது. இரண்டையும் எம் ஊரிலேயே கண்டிருக்கின்றோம்.

கடலூர் மாவட்டத்தார் பலர் இந்நோய்க்கு நாடுவது புதுச்சேரிக் கோரிமேட்டிலுள்ள ஜிப்மர் மருத்துவமனையை. வாரத்திற்கு 5 நாளாக 5 வாரம் கதிர்வீச்சு மருத்துவம் செய்யவேண்டுமென ஆயிற்று. மேனிலைப் பள்ளி இறுதித் தேர்வை எழுதிவிட்டுச் சும்மா இருந்த எம்மைத் துணைக்கு அனுப்பினர். விடியற்காலையில் எங்கள் ஊரிற் பேருந்தேறித் திருப்பாதிரிப்புலியூரிலுள்ள கடலூர்ப் பேருந்து நிலையத்தில் வண்டி மாறிச் செல்வது வழக்கம். முதல் வாரம் முழுவதும் அத்தையார் சன்னலோரத்தில் முக்காடிட்டு அமர்ந்து, எம்மோடும் பேசாது வந்தார்.

இரண்டாம் வாரத்தில் ஒரு நாள், மடியிற் பூக்கூடையுடன் ஓர் அம்மையார் அருகில் வந்தமர்ந்தார். காற்றில் முக்காடு விலகியது. அத்தையாரின் கழுத்தெலும்பின் கீழே மருத்துவமனையில் ஊதா மையால் வரைந்திருந்த கோடு வெளிப்பட்டது. அதைக் கண்ட அவ்வம்மையார் குரலைத் தாழ்த்தி, "அக்கா, கரண்ட் வெக்கிறாங்களா? அந்தக் கோட்டை மட்டும் அழிச்சிடாதீங்க" என்றார். கதிர்வீச்சு மருத்துவத்தை எம் பக்கத்து மக்கள் 'கரண்ட் வைத்தல்' என்றே சொல்வர். மெய்யாகவே உடலில் மின்சாரம் பாய்ச்சுகின்றனர் என்றெண்ணி நடுங்குவோரும் உளர். அத்தையாரும் அவ்வாறே எண்ணியிருந்தார் என்பதை அன்றுதான் யாம் அறிந்தோம்! வீட்டில் பட்டம் பெற்றோர் மூவர் இருந்தும் ஒருவரேனும் அதனைக் கேட்டறியவில்லை.

பூ விற்கும் அவ்வம்மையார் இரண்டாண்டிற்கு முன் அதே மருத்துவத்தை முடித்தவர். புதுச்சேரியில் பூ விற்று மாலையில் மீள்பவர். அன்றுமுதல் அத்தையாரின் அருகிடம் அவர்க்கென ஆயிற்று. கோட்டின்மீது சோப்புப் போடலாகாது. இறுக்கமான ரவிக்கை வேண்டா, பழம்பருத்தியே போதும். அறுவை செய்த பக்கத்துக் கை மரத்துப்போகாதிருக்கச் சுவரோரம் நின்று விரல்களால் மேலேறிப் பழகவேண்டும், நேற்று எட்டிய இடத்தில் கரிக்கோடு போட்டுக்கொண்டால் இன்று எவ்வளவு ஏறிற்றென்று தெரியும். கொட்டிய முடி மீண்டும் முளைக்கும், முதலில் சுருண்டு வந்தால் அஞ்சவேண்டா. சென்னைக்குச் செல்ல நேரின் மருத்துவரின் சான்றிதழைக் காட்டி இரயிற் கட்டணச் சலுகை பெறலாம். இவற்றுள் பெரும்பாலானவற்றை மருத்துவரும் தாதியரும் முன்னரே சொல்லியிருந்தனர். ஆயின் அவர்கள் சொன்ன நாளில், நோயின் பெயரைக் கேட்ட அத்தையாரின் செவி வேறொன்றையும் கேட்கும் நிலையில் இல்லை. பட்டவர் ஒருவர் தம் கையைத் தூக்கிக் காட்டி, "இவ்வளவு உயரம் வருது பாருங்க" என்றபோதுதான் அச்சொல் உள்ளே இறங்கிற்று.

ஒருநாள் அவர் கேட்டார்: "ராத்திரியில தூக்கம் வருதா, அழுகை வருதா?" வீட்டில் யாங்கள் அனைவரும் "தைரியமாயிருங்கள்" என்று மட்டுமே சொல்லி வந்தோம். அவ்வாறு சொல்லுமிடத்து நோயாளர் அழுதற்கு இடமேயில்லாது போகின்றதென்பதை யாம் உணரவில்லை. அத்தையார் பேருந்திலேயே அழுதார். பூக்காரம்மையார் தடுக்கவில்லை, கடலூர் எல்லை கடக்கும்வரை பூத்தொடுத்துக்கொண்டே உடனிருந்தார்.

பெறுதல் ஒருபாதி, கொடுத்தல் மறுபாதி. நான்காம் வாரத்தில், காத்திருக்கும் விசுப்பலகையில், பண்ணுருட்டிப் பக்கத்து இளம்பெண்ணொருத்தி கைக்குழந்தையுடன் வந்து, முதல்நாள் கதிர்வீச்சுக்கு உள்ளே செல்ல மறுத்து நின்றாள். அத்தையார் எழுந்து சென்று குழந்தையை வாங்கிக்கொண்டார். "உள்ளே வலிக்காது கண்ணு, எக்ஸ்ரே எடுக்கிற மாதிரிதான், நான் பதினேழு நாள் போய்ட்டு வந்தேன்" என்றார். தம் நோயைத் தம் வாயால் அயலாரொருவர்க்குச் சொன்னது அதுவே முதன்முறை. அன்றிரவு அவர் தாமே சோறு கேட்டுண்டார். பிறர் கையால் ஏற்றுக்கொண்டேயிருக்கும் நிலை எத்துணை பெரிய சுமையென்பது அச்சோற்றிலிருந்து எமக்கு விளங்கிற்று.

இத்தகைய துணை ஒரு பேருந்தோடு நிற்பதன்று. 1952இல் அமெரிக்காவில் தெரேசா லாசர் என்னும் அம்மையார் மார்பக அறுவைக்கு உட்பட்டார். அதன்பின் எப்படி உடுப்பது, எப்படிக் கையை உயர்த்துவதென்று சொல்வாரில்லாமையால், தாமே மருத்துவமனைதோறும் சென்று, அறுவை முடிந்து கிடக்கும் பெண்டிரைக் கண்டு பேசலானார். மருத்துவர் சிலர் இதனை விரும்பவில்லை. ஆயினும் அவர் விடவில்லை. 1969இல் அமெரிக்கப் புற்றுநோய்ச் சங்கமே அவ்வியக்கத்தைத் தனதாக ஏற்றது. நம் நாட்டில், கனடாவில் பயின்றபோது இந்நோயுற்று மீண்ட ஹர்மாலா குப்தா அம்மையார் 1991இல் தில்லியில் 'கேன்சர் சஹயோக்' என்னும் துணைக்குழுவையும், 1996இல் 'கேன்சப்போர்ட்' என்னும் அமைப்பையும் தொடங்கினார். மும்பையில் 1994இல் 'வி கேர்' அமைப்பைத் தோற்றுவித்த வந்தனா குப்தா அம்மையாரும் நோயினின்று மீண்டவரே. நம் தமிழகத்தில் அடையாற்றுப் புற்றுநோய் நிலையத்தின் வரலாறும் ஒரு வீட்டுத் துயரிலிருந்தே தொடங்குகின்றது. மருத்துவர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையாரின் தங்கை 1923இல் புற்றுநோயால் மாண்டார். 1952இல் அடிக்கல் நாட்டப்பெற்று 1954இல் 12 படுக்கைகளுடன் அந்நிலையம் திறக்கப்பட்டது. தங்கையின் பிணியைத் தம் வீட்டோடு புதைத்துவிட அம்மையார் எண்ணியிருந்தால், 1955 முதல் 2021இல் மறையும்வரை மருத்துவர் சாந்தா அம்மையார் பணியாற்றிய இடமொன்று இருந்திராது.

இத்துணை ஆயுளை நீட்டுமோ என வினவுவோர் உளர். 1989இல் டேவிட் ஸ்பீகல் என்னும் அமெரிக்க மருத்துவர், முற்றிய மார்பகப் புற்றுநோயுற்ற 86 பெண்டிரை ஆராய்ந்து, வாரந்தோறும் குழுவாகக் கூடிப் பேசியோர் ஏனையோரினும் நெடிது வாழ்ந்தனர் என அறிவித்தார். உலகம் வியந்தது. 2001இல் கனடாவில் 235 பெண்டிரைக்கொண்டு நிகழ்த்திய ஆராய்ச்சியில் ஆயுள் நீளவில்லை. மனத்துயரும் வலியுணர்வும் குறைந்தன. எமக்கு இரண்டாம் விடையே போதுமானது. ஆயுளை நீட்டுமென்று சொல்லித் துணையை விற்கவேண்டுவதில்லை. இருக்கும் நாளில் இரவு உறங்க முடிவது சிறிய பொருளோ?

மறுப்பாரின் மற்றொரு கூற்று வலியுடையது. நோயாளர் கூடினால் பொய் மருந்தும் கூடுமென்பர். மெய்யே. அதே பேருந்தில், கீமோவை நிறுத்திவிட்டு ஒரு பொடியை நம்பியிருந்த ஒருவரை யாம் கண்டோம். அப்பொடியை அத்தையார்க்கும் பொட்டலங் கட்டிக்கொண்டு வந்தார். அன்பினாலேதான் வந்தார், அதுவே இடர். பூக்காரம்மையார் பொட்டலத்தைத் திருப்பிக் கொடுத்து, "டாக்டரைக் கேட்டுட்டுச் சாப்பிடலாம்" என்று முடித்துவிட்டார். தாம் பட்டதைச் சொல்லலாம், பிறர் உண்ணவேண்டுவதைச் சொல்லலாகாது என்னும் வரம்பை அவர் எவரிடமும் பயிலாமலே அறிந்திருந்தார். நோயின் காரணத்தை ஆராயப்புகுவதும் அத்தகைய வரம்பு கடத்தலே. யோபுவைக் காண வந்த நண்பர் மூவரும் ஏழுநாள் வாய்திறவாது தரையில் உடனிருந்தவரை நல்ல துணைவராயிருந்தனர். எட்டாம் நாளில் அவன் பாவத்தைத் துருவத் தொடங்கியபோதுதான் துணை கெட்டது. எம் வீட்டிற்கு வந்த உறவினருள்ளும் அவர்களுடைய வழித்தோன்றல்கள் இருந்தனர்.

பேருந்து மாறும் திருப்பாதிரிப்புலியூரில் நிற்குங்கால், இப்பொழுது சிறப்பு வகுப்பிற் பயிலும் பெரியபுராணம் எமக்கு நினைவுக்கு வருவதுண்டு. மருள்நீக்கியார் தருமசேனராய்ப் பாடலிபுத்திரத்துச் சமணப் பள்ளியிலிருந்தபோது சூலைநோய் அவரைப் பற்றிற்று. அப்பாடலிபுத்திரம் இத்திருப்பாதிரிப்புலியூரே என்பர். அவர் தம் சமையற்காரனைத் தமக்கையார் திலகவதியாரிடம் தூதனுப்பினார். தமக்கையார் அங்கு வர இசையாமையால், இரவில் ஒருவரும் அறியாது திருவதிகைக்கு வழிநடந்தார். இன்றைய சாலையில் அவ்விரண்டூர்க்கும் இடையே கிடப்பது எமது நெல்லிக்குப்பம். சேக்கிழார் கருதிய பொருள் சமயத்தைப் பற்றியது. அதனை யாம் மாற்றவில்லை. ஆயினும் நோயின் பெயரை உரைக்க ஒருவரைத் தேடி, இருளில் மறைந்து இவ்வழியே நடந்த அம்மனிதரை, முக்காடிட்டுச் சன்னலோரம் அமர்ந்த அத்தையாரோடு சேர்த்தே எம் மனம் எண்ணுகின்றது.

மறைத்தலை இவ்வளவு வெறுத்தெழுதுவதற்குக் காரணம் உண்டு. அடுத்த ஆண்டு தைத் திங்களில் பூக்காரம்மையார்க்கு நோய் திரும்பிற்று, சித்திரையில் மறைந்தார். அத்தையார் அவர் வீட்டிற்குச் சென்றபோது, மஞ்சட்காமாலையால் இறந்ததாக வீட்டார் தெருவில் சொல்லியிருந்தனர். அவர்கள்மீது எமக்குக் கோபமில்லை. யாங்களும் கருப்பைக் கட்டி என்றவர்களே. ஆனால் எத்தனையோ பெண்டிர்க்கு அந்நோயின் வழியெல்லாம் காட்டிய ஒருவரை, அந்நோயின் பெயரால் நினைந்தழ அவர் வாசலில் இடமில்லாது போயிற்று. அத்தையாரும் திண்ணையோரம் நின்று, பூ வாங்கும் பழக்கமென்று மட்டும் சொல்லிவிட்டு வந்தார். அன்று வீடு திரும்பியதும், தம் மகளையும் எம்மையும் அழைத்து, இனி ஊரார்க்கு உண்மையையே சொல்லப்போவதாகக் கூறினார். மகள் சிறிதுநேரம் பேசாதிருந்தாள். பின் "சொல்லுங்கம்மா" என்றாள். அதன்பின் வந்த மணப்பேச்சொன்று நின்றும் போயிற்று. அதனை ஈண்டு மறையாது எழுதுகின்றோம். உண்மை விலையின்றி வருவதன்று.

நம் கல்லூரியிலிருந்து நாட்டு நலப்பணித் திட்ட மாணவர் ஆண்டுதோறும் சிற்றூர்களுக்குச் செல்கின்றனர். சாலையைச் சீர்செய்கின்றனர், மரம் நடுகின்றனர். அடுத்த முகாமில் ஊர்தோறும் புற்றுநோயினின்று மீண்டு, அதனைச் சொல்ல மனமுடையார் ஒருவரையேனும் கண்டு, அவர் இசைந்தால் புதிதாய் நோய் கண்டவர் வீட்டிற்கு அவரை அழைத்துச் செல்லும் பணியை மேற்கொள்ளலாகாதோ? ஆலயத்தில் விண்ணப்பம் செய்வோரும், நோயாளர் விரும்பின் நோயின் பெயரைச் சொல்லியே செய்யலாம். அப்பெயரைக் கேட்டு வீட்டிற்கு வருவோருள் ஒருவர் அதனை முன்னரே அறிந்தவராயிருத்தல் கூடும்.

அத்தையார்க்கு இப்பொழுது ஆறு திங்கட்கு ஒருமுறை பரிசோதனை. பத்து மணிக்கு வரச்சொன்னாலும் ஏழரைக்கே விசுப்பலகையில் இருப்பார். முக்காடில்லை. கழுத்தில் ஊதாக்கோடு உள்ளவர் எவரேனும் வந்தமர்கின்றனரா என்று பார்த்துக்கொண்டிருப்பார். கைப்பையில் ஒரு கரித்துண்டு இருக்கும்.